மாதத்தைப் பார்த்து மலையேறுங்கள்: நீலகிரியில் நடைத்தடம் தேர்ந்தெடுக்கும் முறை

நீலகிரிக்கு நடப்பதற்கென்றே விடுமுறை எடுத்து வருகிறவர்களில் பெரும்பாலோர் தடத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு புகைப்படத்தைப் பார்த்துத்தான். புல்மேட்டின் விளிம்பில் ஒருவர் நிற்க, கீழே மேகம் தேங்கிக் கிடக்கும் அந்தப் படம் எந்த மாதத்தில், மலையின் எந்தப் பக்கத்தில், காலை எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் அதே இடத்தைத் தேடி வந்து, பத்தடி தூரம்கூடத் தெரியாத மழையில் திரும்பி, ஊட்டி விடுதி அறையில் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காட்சி கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். போகும் மாதம், அந்த மாதத்தில் மழை ஒதுங்கியிருக்கும் சரிவு, கூட வருகிறவர்களின் முழங்கால், வனத்துறையின் அனுமதி, மாலையில் திரும்பும் பேருந்து ஆகியவற்றை முடிவுசெய்துகொண்ட பிறகு மிஞ்சும் இரண்டு மூன்று தடங்களில் எது அழகு என்று பார்த்தால் போதும். அப்படி மிஞ்சுகிற எந்தத் தடமும் இந்த மலையில் அழகுக்குக் குறைந்ததாக இருக்காது.

இரண்டு மழை, இரண்டு சரிவு

வரைபடத்தில் நீலகிரி ஒரே மலையாகத் தெரிந்தாலும் மழைக்கணக்கில் அது இரண்டு மலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கமிருந்து ஏறி வந்து, கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி ஆகிய மேற்குப் பகுதிகளில் தன் சுமையை இறக்கிவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் அதிகமான மழை பதிவானது. சென்னை நகரம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையே ஏறத்தாழ 140 செ.மீ. தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு நாளில் ஓடைகள் எப்படிப் பெருகியிருக்கும், ஒற்றையடிப் பாதைகள் என்னவாகியிருக்கும் என்பது விளங்கும். ஆனால் 2,637 மீ. உயரமுள்ள தொட்டபெட்டாவும் அதன் தொடரும் நடுவில் சுவராக நிற்பதால், அதே பருவத்தில் கிழக்கே உள்ள கோத்தகிரியில் தூறலும் இடையிடையே வெயிலுமாகப் பொழுது போய்விடும். ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை கிடைப்பவர்கள் மேற்கை மறந்துவிட்டுக் கோத்தகிரிப் பக்கம் வருவதே நல்லது.

அக்டோபர் பாதியில் நிலைமை தலைகீழாகிறது. வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து வருவதால் முதல் அடி கிழக்குச் சரிவுக்குத்தான். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் தொடர்ந்து பெய்த கனமழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து பல உயிர்கள் போயின. ஆகவே நவம்பரில் கிழக்குச் சரிவில் செங்குத்தான தேயிலைத் தோட்டங்களையும் சாலை வெட்டுகளையும் ஒட்டிச் செல்லும் தடங்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வானிலை மையம் கனமழை எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் எந்தத் தடமும் வேண்டாம். அன்றைக்கு அறையில் உட்கார்ந்து வர்க்கியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கலாம்.

டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரையிலான காலமே இரு பக்கமும் நடக்க ஏற்றது. வானம் தெளிந்திருக்கும், மண் இறுகியிருக்கும், அட்டைத் தொல்லை இருக்காது. குளிரை மட்டும் குறைத்து மதிப்பிடக் கூடாது. உயரம் 1,000 மீ. கூடும்போது வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மேட்டுப்பாளையம் 300 மீ. சொச்சத்திலும் ஊட்டி 2,200 மீ.க்கு மேலும் இருப்பதால், அடிவாரத்தில் பேருந்து ஏறும்போது இருந்த வெப்பத்தில் 12 டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஊட்டியைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குப் புல்வெளிகளில் விடியற்காலை உறைபனி படிந்து தரை வெண்மையாகிவிடும் என்பதால், அந்த மாதங்களில் தாழ்வான புல்தரையில் தொடங்கும் தடத்தை விடியலில் அல்லாமல் வெயில் ஏறிய பிறகு தொடங்குவது நலம்.

பிப்ரவரி நடுவில் தொடங்கும் கோடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, நடைப்பயணம் வந்திருந்த 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஏற முடியாது. கீழே எரியும் தீ மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடேற்றிவிடுவதால் சரிவு கூடக் கூட அதன் வேகமும் கூடும். அந்த நிகழ்வுக்குப் பிறகே தமிழகத்தில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. தீக்காலத்தில் வனத்தடங்கள் மூடப்படுவதும் அதனால்தான். மூடியிருக்கிறார்களே என்று மாற்றுவழி சொல்லும் வண்டிக்காரர்களும் விடுதிக்காரர்களும் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம். அந்த மாதங்களில் நடந்தே ஆக வேண்டுமென்றால் தேயிலைத் தோட்டங்களின் ஊடாகச் செல்லும் ஊர்ப்பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். பச்சைத் தேயிலைச் செடியில் காய்ந்த புல்லைப் போலத் தீ ஓடாது.

ஏப்ரல், மே மாதங்களில் காலை வெளுத்திருக்கும், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடி இறங்கும். மொட்டைப் புல்மேட்டு உச்சியில் அந்நேரம் நிற்பவரைவிட உயரமான பொருள் அங்கே வேறு இருக்காது என்பதால், உச்சியைத் தொடும் தடம் எதுவானாலும் நண்பகலுக்குள் இறங்கத் தொடங்கிவிடும்படி அமைந்திருக்க வேண்டும்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள்

தடத்தின் நீளத்தை மட்டும் சொல்கிறவர் பாதித் தகவலைத்தான் சொல்கிறார். ஏற்றம் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு என்பது மீதிப் பாதி. ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீ. ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இதன்படி 10 கி.மீ. தூரமும் 600 மீ. ஏற்றமும் உள்ள தடத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் அவர் நடந்து பழகிய ஆள். நாம் அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறவர்கள். நண்பர்கள் குழுவானால் கிடைத்த விடையை ஒன்றரையாலும், குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பமானால் இரண்டாலும் பெருக்கிக்கொள்வது என் வழக்கம். மேற்சொன்ன மூன்று மணி நேரம் அப்போது ஆறு மணி நேரமாகிவிடும்; சாப்பாட்டு நேரம் அதில் சேரவில்லை.

ஏற்றத்தை அறிய இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடம் போதும். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீ.; ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே 20 மீ. உயர வேறுபாடு. தடம் செல்லும் வழியில் பென்சில் முனையை வைத்து, அது எத்தனை கோடுகளைக் கடக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இரண்டு மூன்று கோடுகள் வந்தால் பேசிக்கொண்டே ஏறலாம். ஐந்து வந்தால் பேச்சு நிற்கும். பத்து வந்தால் 500 மீ. தூரத்தில் 200 மீ. ஏறவோ இறங்கவோ வேண்டியிருக்கும் என்று பொருள். அது குடும்பத்தோடு போகும் இடமில்லை.

அதே வரைபடத்தில் உள்ள ஊர்ப்பெயர்களும் வழி சொல்லும். பெயர் ஹட்டி என்று முடிந்தால் அது படகர் ஊர். அங்கே தேநீர்க்கடையும், மினி பேருந்தும், கேட்டால் தண்ணீர் கொடுக்கும் வீடுகளும் இருக்க வாய்ப்பு அதிகம். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. அங்குள்ள கோயிலை அழைப்பின்றி நெருங்கக் கூடாது. ஹள்ளா என்றால் ஓடை. மழைக்காலத்தில் அதைக் கடக்கப் பாலம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பெட்டா என்றால் மலை. மூச்சு வாங்கத் தயாராகுங்கள். முதல்முறை வருகிறவர்கள் வழியில் இரண்டு ஹட்டிகளாவது உள்ள தடத்தை எடுத்துக்கொண்டால், நடுவில் யாருக்காவது முடியாமல் போனாலும் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு மற்றவர்கள் தொடரலாம்.

இறக்கம் சுலபம் என்ற நம்பிக்கை எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் கோவையிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுக்கு ஏற்றம் ஆகாது என்று எண்ணி, முழுவதும் இறக்கமாகவே உள்ள 6 கி.மீ. தடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் அவர் எனக்கு முன்னால் நடந்தார். பிறகு தேயிலைச் செடிகளுக்கு நடுவே மண்ணில் வெட்டிய படிகள் தொடங்கின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ முழங்கால் உயரம். இருநூறு படி இறங்கியிருப்போம், அவர் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையால் செடியைப் பற்றிக்கொண்டு, தவழ்ந்து பழகிய குழந்தை வாசற்படி இறங்குவதைப் போல ஒவ்வொரு காலாக இறக்கி வைக்கத் தொடங்கினார். “ஏங்கண்ணு, எறக்கம்னா சும்மா போயிரலாம்னு சொன்ன? உருண்டுதான் போவணுமாட்ட இருக்குது” என்றார். கடைசி 2 கி.மீ. தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. சாலையைத் தொட்டபோது இருட்டிவிட்டது. அதற்குப் பிறகு ஐம்பது வயதைக் கடந்தவர்களோ முழங்கால் வலி உள்ளவர்களோ குழுவில் இருந்தால், ஒரே நாளில் 300 மீ.க்கு மேல் இறங்கும் தடத்தை நான் எடுப்பதில்லை. அவர்களுக்கு மெல்லிய ஏற்றமே மேல். ஊன்றிக்கொள்ள ஒரு கம்பும் கொடுத்துவிட்டால் என்னைவிட நன்றாக நடப்பார்கள்.

யாருடைய நிலத்தில் நடக்கிறோம்?

நீலகிரியில் உங்கள் தடம் மூன்று வகை நிலங்களில் ஒன்றின் வழியாகத்தான் செல்லும். ஊர்ப்பாதையிலும் பொதுச் சாலையிலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டம் தனியார் நிலம் என்பதால் அலுவலகத்திலோ, அங்கே நிற்கும் மேஸ்திரியிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்வது முறை. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், மருந்து தெளித்திருக்கும் பகுதி எது என்பதையும் சொல்லி அனுப்புவார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். முக்கூர்த்தி தேசியப் பூங்கா, முதுமலைப் புலிகள் காப்பகம் போன்ற இடங்களில் ‘கொஞ்ச தூரம் மட்டும்’ என்ற சலுகை கிடையாது.

அனுமதி பெறுவதற்கு இப்போது நல்ல வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களைச் சேர்ந்த 40 தடங்கள் எளிது, மிதமானது, கடினம் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. இணையத்தில் பதிவுசெய்து கட்டணம் செலுத்தினால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பவர்களைக் கேட்டிருக்கிறேன். ஆனால் சோலைக்குள் நுழையும் முன் நின்று, மூக்கை உறிஞ்சி, “கரடி இப்பத்தான் போயிருக்குதுங்க, அஞ்சு நிமிசம் இருங்க” என்று சொல்லத் தெரிந்தவருக்குக் கொடுக்கும் பணம் வீண் போவதில்லை. இதைத் தவிர, சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற நடைமுறை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்தில் தொடங்கியது. புறப்படும் முன் அதையும் பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எஃகு பாட்டிலோடு வருவது நல்லது.

மூன்று தடங்களை எடைபோட்டுப் பார்த்தால்

மேலே சொன்னதை வைத்து மூன்று இடங்களைப் பார்ப்போம்.

கோத்தகிரியை ஒட்டியுள்ள லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் பரப்புள்ள காடு. சுற்றியுள்ள பல ஊர்களுக்கு நீர் தருவது அதுதான். 2024 ஜனவரியில், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உள்ளே நுழைந்த பத்தாவது அடியிலேயே வெளிச்சம் பாதியாகிவிடும்; மரங்களின் அடிமுதல் கிளைவரை பாசி போர்த்தியிருக்க, காலடியில் சருகு மெத்தையாக அமுங்கும். குறுகிய தூரம், சொற்ப ஏற்றம். வெயில் காலத்திலும் குளிர்ந்திருக்கும், தென்மேற்குப் பருவத்திலும் பெரும்பாலும் நடக்க முடியும். முதல் நாளில் கால்களைப் பழக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் அட்டைகள் உண்டு. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் திணித்து, மேலே புகையிலைத் தூளை நனைத்துத் தடவிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது.

குன்னூருக்குக் கிழக்கே நான்சச் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் தொடங்கும் பக்காசூரன் மலைப் பாதை நடுத்தரமானது. ட்ரூக் கோட்டை என்றும் சொல்வார்கள். திப்பு சுல்தான் காலத்துக் காவல் அரணின் இடிந்த சுவர் ஒன்று உச்சியில் நிற்கிறது. அங்கிருந்து கோவைச் சமவெளி விரிந்து கிடப்பதைப் பார்த்தால் அரணை ஏன் அங்கே கட்டினார்கள் என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. இது கிழக்கு நோக்கிய விளிம்பு என்பதால் நவம்பருக்கு ஆகாது; ஜனவரிக் காலைக்கு மிகவும் ஏற்றது. பாதையின் பிற்பகுதி காட்டை ஒட்டிச் செல்வதால் அன்றைய நிலவரத்தை வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டே போக வேண்டும். பலாப்பழம் பழுக்கும் காலத்தில் பர்லியாறு, குஞ்சப்பனைப் பகுதிகளுக்கு யானைகள் ஏறி வருவது வழக்கம். ஆகவே மே முதல் ஜூலை வரை கீழ்ச்சரிவுத் தடங்களைத் தவிர்த்து மேலேயே நடந்துகொள்ளுங்கள்.

அவலாஞ்சியிலிருந்து 2,630 மீ. உயரமுள்ள கோலாரிபெட்டாவுக்கு ஏறுவது கடினமான வகை. சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் நீலகிரியின் பழைய முகத்தை அங்கேதான் பார்க்க முடியும். மற்ற இடங்களில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) அதை எப்போதோ மூடிவிட்டன. வழிகாட்டியுடன், முறையான அனுமதியுடன், டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ மட்டுமே போக வேண்டிய இடம் அது. வழக்கமாகவே நன்றாக நடந்து பழகியிராதவர்களை அங்கே அழைத்துப் போவது அவர்களுக்கும் வழிகாட்டிக்கும் செய்யும் கொடுமை.

மூன்று நாள் விடுமுறைக்கு வருகிறவர் ஒரே ஊரில் அறை எடுத்துக்கொண்டு தினமும் அங்கிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புவதுதான் இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்க அனுமதி கிடைக்காது, முதுகில் முழுச் சுமையுடன் நடக்கவும் தேவையில்லை. நான் கோத்தகிரியையே சொல்வேன். ஒரு நாள் லாங்வுட் சோலை. மறுநாள், 1819-இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி வந்து முகாமிட்ட திம்பட்டியையும், அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கும் கன்னேரிமுக்கையும் இணைத்து ஊர்ப்பாதை வழியே ஒரு நடை. மூன்றாம் நாள், உடம்பு ஒத்துழைத்தால் குன்னூர்ப் பக்கம் போய்ப் பக்காசூரன் மலை. கடினமானதை முதல் நாளில் வைக்கிறவர்கள் இரண்டாம் நாள் அறையில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

திரும்பும் வழி

தடத்தை ஒப்புக்கொள்ளும் முன் அது முடியும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சாலை இருக்கிறதா, பேருந்து வருமா, கடைசிப் பேருந்து எப்போது? நேர அட்டவணையைவிட அந்தத் தடத்தில் ஓடும் நடத்துனரைக் கேட்பதே சரியான தகவலைத் தரும்; மழை நாளில் எந்த வண்டி நின்றுபோகும் என்பது அவருக்குத்தான் தெரியும். காட்டு மாடும் கரடியும் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடுகின்றன என்பதால் காலை ஏழரைக்கு முன் சோலை ஓரத்தில் நடக்கத் தொடங்காமலும், பிற்பகல் மூன்றரைக்குள் ஊர் எல்லைக்கு வந்து சேரும்படியும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பாதி வழியில் திரும்ப வேண்டிவந்தால் வந்த வழியே திரும்பலாமா, வேறு கிளைப்பாதை உண்டா என்பதும் முந்தைய இரவே தெரிந்திருக்க வேண்டும்.

வழியில் எதிர்ப்படுகிறவர்கள் சொல்வதை வரைபடத்தைவிட மேலாக மதியுங்கள். ஒருமுறை கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, நான் கேட்காமலே, “தம்பி, அந்த வளைவுக்கு மேல போகாதீங்க, காலையிலிருந்து ஒரு காட்டு மாடு ஒத்தையா நிக்குது” என்றார். கூட்டமாக மேய்வது பெரும்பாலும் விலகிப் போய்விடும். தனித்து நிற்கும் கிழட்டுக் காளை அப்படியில்லை. உச்சிக்கு அரை மணி நேரத் தூரமே மீதம் இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கைப்பேசிக்குப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது. எனவே காலையில் புறப்படும்போது ஒரு தாளில் தடத்தின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், குழுவில் எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பவற்றை எழுதி விடுதிக்காரரிடம் கொடுத்து, மாலை ஐந்தரைக்குள் வராவிட்டால் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அந்தத் தாளை மறக்காமல் வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி நாலு பேர் டார்ச்சுடன் மலையேறிக்கொண்டிருப்பார்கள்.